பெயர் தேடிய வலி

எங்கள் கல்லூரியில் மூத்தவராகப் பணியாற்றிய பேராசிரியை ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவ விடுப்புக்கு விண்ணப்பித்தார். இணைத்திருந்த சான்றிதழில் 'உடல் முழுவதும் வலி, கடும் களைப்பு' என்று மட்டும் எழுதியிருந்தது. இரண்டே நாளில் விண்ணப்பம் திரும்பி வந்தது. "மேடம், உடம்பு வலி எல்லாருக்கும் இருக்கறதுதான். நோய் பேரைப் போட்டு வாங்கிட்டு வாங்க" என்றார் அலுவலக எழுத்தர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. படிவத்தில் 'நோயின் பெயர்' என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் பெயரைத்தான் எழுத முடியும், வலியை எழுத முடியாது.

அந்தப் பெயரைத் தேடி அவர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் அலைந்தார். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன், தைராய்டு, முடக்குவாதக் காரணி என்று ஒரு கோப்பு தடித்துக்கொண்டே போனது. எல்லாத் தாள்களின் அடியிலும் ஒரே முடிவு: நார்மல். உடம்பில் ஒன்றுமில்லை என்ற செய்தியைக் கேட்டு ஒருவர் அழுவதை நாங்கள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தோம். "மனசைத் திடமா வச்சுக்கங்கம்மா" என்று ஒரு மருத்துவர் சொல்லியனுப்பினார். கடைசியில் வேறொருவர் அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தாளில் ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தார். ஃபைப்ரோமயால்ஜியா. விடுப்பு கிடைத்தது. வலி அப்படியேதான் இருந்தது.

தமிழ் படித்தவர்களிடம் புதிதாக ஒரு சொல் அகப்பட்டால் வேரைத் தோண்டாமல் விடமாட்டோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். இக்கட்டுரையில் சிகிச்சை தேடுவோர் ஏமாறுவர். ஆனால் இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வலிக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வோர் இடத்தில் காரணத்தைத் தேடியது. தேடிய இடத்தின் பெயரையே நோய்க்கு வைத்தது. காரணம் பொய்த்துப்போன பின்னும் பெயர் நிலைத்தது. பெயர் மாறும்போதெல்லாம் நோயாளியை நம்புவதா வேண்டாமா என்ற தீர்ப்பும் மாறியது. நம்மை ஈர்த்தது இதுதான்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். உடலின் பல பகுதிகளில் பரவி மாதக்கணக்கில் நீடிக்கும் வலி, எத்தனை மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்கியதாகவே தோன்றாத களைப்பு, கவனமும் நினைவும் மங்கிப்போதல். பலருக்கு இவற்றுடன் தலைவலியும் வயிற்றுக் கோளாறும் சேர்ந்துகொள்ளும். நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெண்களே மிகுதி. இந்த 'மிகுதி'யிலும் ஒரு சிக்கல் உண்டு, பின்னால் வருகிறோம்.

பழங்காலத்திற்கு அதிக இடம் கொடுக்க வேண்டியதில்லை. கிரேக்கர்கள் உடல் வலிகளுக்கு வைத்த பெயரின் வேரான 'ருமா' என்பதற்கு ஒழுகுதல், வழிதல் என்று பொருள். மூளையிலிருந்து ஏதோ ஒரு நீர் வடிந்து உடலெங்கும் இறங்குவதாக அவர்கள் எண்ணினார்கள். நம்மவர்கள் அதைக் காற்று என்றார்கள். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மூன்றனுள் முதலாவதாக வைப்பது வளியைத்தான். வாதம் என்று நாம் இன்றும் சொல்வது அதன் வடமொழி உறவு. அங்கே நீர், இங்கே காற்று. இரண்டுமே பிடித்து நிறுத்த முடியாதவை, இடம் மாறிக்கொண்டே இருப்பவை. 'நேற்று தோளில் இருந்தது, இன்று இடுப்புக்கு வந்துவிட்டது' என்று சொல்பவரின் அனுபவத்திலிருந்து பிறந்த உருவகங்கள் என்பதில் ஐயமில்லை. பிரெஞ்சு மருத்துவர் கியோம் த பையூ எழுதிய நூல் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப்பின் 1642இல் வெளியானபோதுதான், 'ருமாட்டிசம்' என்னும் சொல் தசையிலும் மூட்டிலும் வரும் வலிக்கென்று ஒதுக்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவர்கள் விரல்களால் தேடத் தொடங்கினார்கள். எடின்பரோவின் வில்லியம் பால்ஃபர் 1816இல் வலிக்கும் தசைகளில் முடிச்சுகள் தட்டுப்படுவதாக எழுதினார். பாரிசில் வாலே 1841இல் நரம்பு செல்லும் வழியெங்கும் அழுத்தினால் வலிக்கும் புள்ளிகளைக் குறித்தார். ஜெர்மனியில் ஃப்ரோரீப் 1843இல் தசைக்குள் காய்ப்பு ஏறியிருப்பதாகச் சொன்னார். முடிச்சு, புள்ளி, காய்ப்பு. மூவரும் ஒன்றையே தொட்டார்களா என்று இன்று தீர்மானிக்க வழியில்லை. ஆனால் மூவருமே வலி என்றால் அது இருக்கும் இடத்தில் கைக்கு ஏதாவது தட்டுப்பட வேண்டும் என்று நம்பினார்கள்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் வேறொரு திசை திறந்தது. நியூயார்க்கின் ஜார்ஜ் பியர்டு 1869இல் 'நியூராஸ்தீனியா' என்ற சொல்லைப் பரப்பினார். களைப்பு, தலைவலி, உடலெங்கும் அலையும் வலி, உறக்கமின்மை எல்லாம் அதில் அடங்கும். மனிதரின் நரம்பு ஆற்றல் மின்கலம்போல ஓர் அளவுக்கு உட்பட்டது, நவீன வாழ்க்கை அதை உறிஞ்சிவிடுகிறது என்பது அவர் கொள்கை. 1881இல் எழுதிய நூலில் நீராவி, தந்தி, பத்திரிகைகள், அறிவியல் ஆகியவற்றோடு பெண்களின் அறிவு உழைப்பையும் காரணப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். கடைசியாகச் சொன்னது சும்மா இருக்கவில்லை. சைலஸ் வெயர் மிட்செல் என்ற புகழ்பெற்ற மருத்துவர் இத்தகைய நோயாளிகளை, பெரும்பாலும் பெண்களை, வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்திப் பாலும் கொழுப்பும் ஊட்டி, படிக்கவோ எழுதவோ விடாமல் வைத்திருக்கும் 'ஓய்வு சிகிச்சை'யைப் புகுத்தினார். 1887இல் அவரிடம் சென்ற ஒருவர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன். ஐந்தாண்டுகள் கழித்து அவர் எழுதிய 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற சிறுகதை இன்று உலகெங்கும் பாடமாக இருக்கிறது. அக்கதையைப் பெண்ணியக் கோணத்தில் பலர் வாசித்திருப்பார்கள். வலியைச் சொல்லும் வாயை மூடிவிட்டு வலிக்கு மருத்துவம் பார்த்த ஒரு காலத்தின் ஆவணமாகவும் அதை வாசிக்கலாம்.

(நியூராஸ்தீனியாவின் நேர்த் தமிழ் 'நரம்புத் தளர்ச்சி'. பியர்டு எண்ணிய பொருளை விட்டு அது எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைப் பேருந்து நிலையச் சுவர்களையும் லாட்ஜ் வைத்தியர்களின் சுவரொட்டிகளையும் பார்த்தவர்கள் அறிவார்கள். ஒரு சொல் ஊர் மாறி வந்து இப்படி வாழ்க்கைப்பட்டதைத் தனியாகவே எழுத வேண்டும்.)

இனி நம் கதையின் நாயகச் சொல்லுக்கு வருவோம். லண்டனில் பக்கவாதத்திற்கும் வலிப்பு நோய்க்குமான தேசிய மருத்துவமனையில் சர் வில்லியம் கவர்ஸ் இடுப்புப் பிடிப்பைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவு 1904 ஜனவரியில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியானது. கவர்ஸ் சாதாரண ஆள் இல்லை. அவருடைய நரம்பு நோய்க் கையேட்டை அத்துறையின் வேதநூல் என்பார்கள். எதையும் சுருக்கெழுத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கமுடையவர், சுருக்கெழுத்துக்காக மருத்துவர் சங்கம் ஒன்றையே தொடங்கியவர். அவருக்கே கையில் அவ்வலி வந்திருந்தது. அச்சொற்பொழிவில் அவர் சொன்னதன் சாரம் இது: தசைகளைச் சுற்றியுள்ள நார்த்திசுவில் அழற்சி ஏற்படுவதாலேயே இவ்வலி வருகிறது. அழற்சி நோய்களின் பெயர்கள் 'ஐட்டிஸ்' என்று முடிவது மருத்துவ வழக்கு. ஆகவே இதனை 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று அழைக்கலாம்.

அழற்சி இருப்பதற்கு அவர் காட்டிய சான்று என்ன? திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தாரா? இல்லை. வேறு சொற்களின் சாயலில் ஒரு சொல்லைப் படைத்தார், அவ்வளவே. இலக்கணத்தில் இதை ஒப்புமையாக்கம் என்போம். சொல்லாக்கம் என்ற முறையில் குற்றமே இல்லாத சொல். அதே 1904இல் கிளாஸ்கோவின் ரால்ஃப் ஸ்டாக்மன் சில நோயாளிகளின் முடிச்சுகளை வெட்டியெடுத்துப் பார்த்து அழற்சிக்குரிய மாற்றங்கள் இருப்பதாக அறிவித்தார். பெயர் கிடைத்த அதே ஆண்டில் சான்றும் கிடைத்துவிட்டது! பிறகு கேட்க வேண்டுமா. பிரிட்டனில் ஃபைப்ரோசைட்டிஸ் வீட்டுச் சொல்லாகியது. 1915இல் அதைப் பற்றித் தடித்த நூல் ஒன்றே வந்தது.

பின்னால் வந்தவர்கள் வெட்டிப் பார்த்தபோது அழற்சி இல்லை. மறுபடியும் பார்த்தார்கள், அப்போதும் இல்லை. 1940களுக்குள் இது பெருமளவு தெளிவாகிவிட்டது. ஆனாலும் அச்சொல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பாடநூல்களில் வாழ்ந்தது. இதில் ஒரு விநோதம்: வில்லியம் கவர்சின் மகன் எர்னஸ்ட் கவர்ஸ் மருத்துவர் அல்லர், அரசு உயரதிகாரி. அதிகாரிகள் மயக்கமில்லாத எளிய சொற்களில் எழுத வேண்டும் என்று வலியுறுத்தி அவர் 1948இல் எழுதிய 'பிளெய்ன் வேர்ட்ஸ்' ஆங்கில நடைக் கையேடுகளில் புகழ்பெற்றது. ஃபௌலரின் ஆங்கில வழக்கு அகராதியைத் திருத்திப் புதுப்பித்தவரும் அவரே. பொருளில்லாத ஒரு சொல்லைத் தந்தை படைத்தார், பொருளில்லாச் சொற்களை விரட்டுவதை மகன் தொழிலாகக் கொண்டார். தந்தையின் சொல்லைப் பற்றி மகன் எங்கேனும் எழுதியிருந்தால் படிக்க ஆசை.

அழற்சி இல்லையென்றால் வலிக்குக் காரணம்? இரண்டாம் உலகப்போரில் இக்கேள்வி அவசரமாயிற்று. உடல் வலியோடு ராணுவ மருத்துவமனைகளுக்கு வந்து சேரும் வீரர்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். அர்க்கன்சா மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரின் ராணுவ மருத்துவமனையில் வாத நோய்களுக்கென்று ஒரு மையம் இருந்தது. அங்கே பணியாற்றிய போலண்ட், கோர் இருவரும் 1943இல் 'மனவழி வாதம்' என்ற கருத்தை முன்வைத்தார்கள். மையத்தின் தலைவர் ஃபிலிப் ஷோவால்ட்டர் ஹென்ச்சும் அக்கருத்தினரே. அவர்கள் செய்த பாகுபாடு சுவையானது. ஃபைப்ரோசைட்டிஸ் நோயாளியின் வலி குளிர், ஈரம், வெயில் என்று வெளிவானத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். மனவழி நோயாளியின் வலியோ கவலை, மகிழ்ச்சி, பராக்கு என்று உள்வானத்தைப் பொறுத்து மாறும். சங்க இலக்கியத்தில் அகம் புறம் பிரித்துப் பழகிய நமக்கு இது உடனே பிடித்துவிடும். பிடித்துவிடுவதுதான் ஆபத்து. அகத்திணைப் பாடல்களிலேயே முதற்பொருளான பொழுதும் நிலமும் இல்லாமல் உரிப்பொருள் நிற்பதில்லை. மழைநாளில் வலி கூடுகிறவருக்குக் கவலை வந்தாலும் வலி கூடும் என்பதை எந்த நோயாளியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

அப்பிரிவினையின் விளைவு ஏட்டோடு நிற்கவில்லை. ஒரு பக்கம் எழுதப்பட்டால் நோயாளி. மறுபக்கம் எழுதப்பட்டால் மனம் தளர்ந்தவர், இன்னும் கொஞ்சம் இறங்கினால் போருக்கு அஞ்சி நடிப்பவர். எங்கள் பேராசிரியைக்குச் சொல்லப்பட்ட 'மனசைத் திடமா வச்சுக்கங்க' என்ற வாசகத்தின் தாய்வீடுகளுள் ஒன்று இது என்று தோன்றுகிறது. மன அழுத்தம் வலியைக் கூட்டும் என்பது உண்மை, அதை இங்கே மறுக்கவில்லை. 'மனம்' என்று மருத்துவர் சொல்வது நோயாளியின் காதில் 'பொய்' என்று விழுகிறதே, அதைத்தான் சொல்கிறோம்.

இந்த ஹென்ச் 1948இல் மேயோ மருத்துவமனையில் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் கொடுத்து அவரை எழுந்து நடக்க வைத்தார். 1950இல் நோபல் பரிசு பெற்றார். கார்ட்டிசோன் அழற்சியை அடக்கும். நாம் பேசும் வலிக்கு அந்த வகை மருந்து பயன்படவில்லை. அழற்சி இல்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்றாயிற்று.

அதற்கு முன்னதாக நடந்த ஒரு சோதனையையும் இங்கே சொல்லிவிட வேண்டும், நோயின் வகைகளைப் பிரிக்க அது உதவியது. லண்டனில் ஜோனஸ் கெல்கிரன் 1930களின் பிற்பகுதியில் தன் தசைகளிலும் தன்னார்வலர் தசைகளிலும் அடர் உப்புநீரை ஊசியால் செலுத்திப் பார்த்தார். வலி ஊசி குத்திய இடத்தில் நிற்காமல் தொலைவிலும் தோன்றியது. 1938இல் அவர் வெளியிட்ட இம்முடிவின் வழியில் சென்றவர்களுள் ஒருவர் ஜேனட் டிராவெல். ஒரு தசையில் இறுகிய ஒரு முனை, அதை அழுத்தினால் வேறிடத்தில் எழும் வலி. இதற்கு அவர் தரப்பினர் வைத்த பெயர் 'மயோஃபேஷியல்' வலி. முதுகு வலியால் அவதிப்பட்ட கென்னடிக்கு மருத்துவம் பார்த்து, 1961இல் வெள்ளை மாளிகை மருத்துவரான முதல் பெண்மணி அவர்தாம். ஓரிடத்து வலி இவ்வாறு தனி வகையாகப் பிரிந்து போயிற்று. உடல் முழுதும் பரவும் வலி மட்டும் அநாதையாக எஞ்சியது.

அதை எடுத்து வளர்த்தவர்கள் கனடாக்காரர்கள். டொரண்டோவின் ஹியூ ஸ்மைத் 1970களின் தொடக்கத்தில் பரவிய வலி, குறிப்பிட்ட இடங்களில் அழுத்தம் பொறாமை, உறக்கக் கெடுதி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே நோய்க்குறித் தொகுதியாக வரைந்தார். அவரும் மனநல மருத்துவர் ஹார்வி மோல்டோஃப்ஸ்கியும் 1975இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வரலாறு முழுவதிலும் எங்களை மிகவும் கவர்ந்தது. நோயாளிகள் உறங்கும்போது மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். ஆழ்ந்த உறக்கத்தின் மெதுவான அலைகளுக்கு நடுவே விழித்திருப்பவருக்குரிய வேக அலைகள் குறுக்கிட்டன. உடம்பு உறங்க, காவற்காரன் விழித்திருந்தான் எனலாம். இத்தோடு விட்டிருந்தால் இது இன்னொரு கண்டுபிடிப்பாகப் போயிருக்கும். அவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வந்தார்கள். நோயேதும் இல்லாத சில இளைஞர்களைப் படுக்க வைத்து, ஆழ்ந்த உறக்கத்திற்குள் நுழையும்போதெல்லாம் ஓசை எழுப்பிக் கலைத்தார்கள். அவர்களை முழுதாக எழுப்பிவிடவில்லை, உறக்கத்தின் ஆழம் மட்டும் குறைந்தது. மூன்று இரவுகள் இப்படிக் கழிந்தபின் அவ்விளைஞர்களுக்கு உடம்பு வலி கண்டது, தொட்டால் பொறுக்கவில்லை. நன்றாக உறங்க விட்டதும் தீர்ந்துபோயிற்று.

கைக்குழந்தையோடு இரவுகளைக் கழித்த தாய்மார்களையோ இரவுப் பணிச் செவிலியரையோ கேட்டிருந்தால் இதற்கு ஆய்வகம் வேண்டியிருக்காது என்று எங்கள் பேராசிரியை சொன்னார். இருக்கட்டும். வலியால் உறக்கம் கெடுகிறது என்பதே அதுவரை எண்ணம். உறக்கக் கெடுதியால் வலி பிறக்கலாம் என்பது அன்று புதிது. அந்த அலைக்குறுக்கீடு இந்நோய்க்கு மட்டும் உரியதன்று எனப் பின்னர் தெரியவந்தது. எனினும் தேடல் தசையை விட்டு மூளைப் பக்கம் நகர்ந்தது அங்கிருந்துதான்.

1976இல் பழைய பெயர் விழுந்தது. அழற்சி இல்லாத நோயை 'ஐட்டிஸ்' என்று அழைப்பது பொருந்தாது, வலியைக் குறிக்கும் 'ஆல்ஜியா' போதும் என்று ஒருவர் எழுதினார். அவர் பெயர் ஃபிலிப் கேலர் ஹென்ச். ஆம், நோபல் பரிசு பெற்ற ஹென்ச்சின் மகன்! தந்தை மனத்தில் பாதியைத் தேடிய நோய்க்கு மகன் காரணமே சொல்லாத ஒரு பெயரை வைத்தார். லத்தீன் நார், கிரேக்கத் தசை, கிரேக்க வலி. நார்-தசை-வலி, அவ்வளவே. இதைப் பிரித்துச் சொன்னபோது எங்கள் பேராசிரியை சிரித்துவிட்டார். "இதைத்தானே நான் முதல் நாளே சொன்னேன்? அதைக் கிரேக்கத்தில் சொல்லியிருந்தா லீவு கிடைச்சிருக்கும் போல" என்றார்.

புதுப்பெயரை நிலைநாட்டியவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பணியாற்றிய முகமது யூனுஸ். (வங்கதேசத்தில் பிறந்தவர். நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் வேறு, இவர் வேறு.) 1981இல் அவர் குழுவினர் ஐம்பது நோயாளிகளையும் அவர்களுக்கு இணையான ஐம்பது நலமுள்ளோரையும் ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டார்கள். இதில் புதுமை என்னவென்றால், அதுவரை எல்லாரும் நோயாளிகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒப்பிட ஆளில்லை. உறக்கக் கெடுதி, தலைவலி, குடல் தொல்லை ஆகியவை நோயாளிகளிடம் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. தானே தோன்றும் முதல்நிலை வகை, முடக்குவாதம் முதலிய வேறொரு நோயுடன் சேர்ந்து வருவது, வேறு நோயின் விளைவாக வருவது என்ற பிரிவுகளும் அக்காலத்தில் வழக்குக்கு வந்தன.

இப்பிரிவுகள் நெடுநாள் வாழவில்லை. கன்சாஸ் மாநிலத்து ஃபிரடரிக் வுல்ஃப் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகப் பதினாறு மையங்கள் கூடி, 293 நோயாளிகளையும் 265 பிறரையும் ஆய்ந்து 1990இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் வரையறையை வெளியிட்டன. மூன்று மாதமேனும் உடலெங்கும் பரவிய வலி இருக்க வேண்டும். பிடரி, தோள், இரண்டாம் விலா, முழங்கை, பிட்டம், இடுப்பு, முழங்கால் என்று குறிக்கப்பட்ட பதினெட்டுப் புள்ளிகளில் பதினொன்றாவது, ஏறத்தாழ நான்கு கிலோ அழுத்தத்தில், அதாவது அழுத்தும் மருத்துவரின் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவில், வலிக்க வேண்டும். முதல்நிலை, இரண்டாம்நிலை என்ற வேறுபாட்டால் நோயை அடையாளம் காண்பதில் மாற்றமில்லை என்று அது கைவிடப்பட்டது.

பதினொன்று இருந்தால் நோயாளி. பத்து இருந்தால்? ஆய்வுக்கு ஆள் சேர்க்க உருவான அளவுகோல், மருத்துவமனையிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் புகுந்ததும் இக்கேள்வி எழுந்தது. பெண்கள் பொதுவாகவே அழுத்த வலியைக் குறைந்த அளவிலேயே உணர்வதால், புள்ளிக் கணக்கு ஆண்களைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தியது. பெண்களின் நோய் என்ற பேச்சு வலுத்ததில் விரல் நகத்திற்கும் பங்கு உண்டு. புள்ளிகளைக் கைவிட்டுப் பத்தொன்பது உடற்பகுதிகளில் வலியையும், களைப்பு, உறக்கம், நினைவு ஆகியவற்றின் கடுமையையும் கேட்டு மதிப்பிடும் புதிய வரையறை 2010இல் வந்தபின் ஆண்களின் பங்கு கூடியது. 2016இல் அது மீண்டும் திருத்தப்பட்டது.

இதற்கிடையில் வுல்ஃப் மனம் மாறினார். தாம் வரையறுத்த நோயைத் தனியொரு நோயாகக் கருதுவது தவறு, மன அழுத்தத்திற்கு உடல் தரும் எதிர்வினையின் ஒரு கோடி அது என்று பேசலானார். 2008இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் அவர் கருத்து வெளியானபோது நோயாளிகள் அமைப்புகள் கொதித்தன. அதற்கு முந்தைய ஆண்டில்தான் பிரிகபாலின் என்ற மருந்துக்கு இந்நோயின் பெயராலேயே அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்திருந்தது. அதே மருந்துக்கு இந்நோய்க்கென ஒப்புதல் தர ஐரோப்பிய அமைப்பு 2009இல் மறுத்தது. வுல்ஃபின் நேர்மையை நாம் மதிக்கிறோம். பெற்றவரே பிள்ளையை இல்லையென்பது அறிவியலில் அரிது. ஆனால் அவர் சொன்னதில் பழைய அகம்-புறக் கோட்டின் நிழல் விழுவதையும் காணாமலிருக்க முடியவில்லை. வட கரோலினாவின் நார்ட்டின் ஹேட்லர் 1996இல் எழுப்பிய வாதம் அதைவிடக் கூர்மையானது: நோயை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியவர் குணமாக முடியாது, குணமானால் நிரூபணம் போய்விடும். எங்கள் பேராசிரியை கையில் சுமந்த கோப்பு நினைவுக்கு வந்தது.

காரணம்தான் என்ன? இன்றுள்ள பதில் ஒன்றல்ல, பல. பரம்பரைக்குப் பங்கு உண்டு. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முடக்குவாத நோயாளிகளின் நெருங்கிய உறவினரைவிட இந்நோயாளிகளின் நெருங்கிய உறவினருக்கு இது வரும் வாய்ப்பு எட்டு மடங்குக்கு மேல் இருந்தது. காயம் காரணமா என்பதில் பூசல். இஸ்ரேலிய ஆய்வொன்று 1997இல் கழுத்துக் காயமடைந்தோரில் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் வந்ததாகச் சொன்னது. அதே நாட்டின் மற்றோர் ஆய்வு 2006இல் அப்படி எதுவும் காணவில்லை. மூளையைப் படமெடுத்த ரிச்சர்டு கிரேஸ்லி குழுவினர் 2002இல் காட்டியதோ பலரை வாயடைக்கச் செய்தது. நலமுள்ளோர் கட்டைவிரலில் கொடுத்த அழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியே நோயாளிகளின் மூளையில் வலிப்பகுதிகளை அதே அளவுக்குத் தூண்டப் போதுமானதாக இருந்தது. வானொலிப் பெட்டியின் ஒலித்திருகு உச்சத்தில் மாட்டிக்கொண்டதைப் போல. வலிப்பதாகச் சொல்பவருக்கு மூளையில் வலி நிகழ்கிறது என்பதற்குப் படச்சான்று வந்துவிட்டது.

அதே குழுவைச் சேர்ந்தோர் 2003இல் தொண்ணூற்றேழு நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். மனச்சோர்வு நடுத்தரமாகவும் அழுத்தம் பொறாமை குறைவாகவும் உள்ளோர் ஒரு பிரிவு. இரண்டும் மிக்கோர் மற்றொரு பிரிவு. மூன்றாவது பிரிவினருக்கு மனச்சோர்வு அறவே குறைவு, ஆனால் அழுத்தத்தை எல்லாரிலும் குறைவாகத் தாங்கியவர்கள் அவர்களே. 'எல்லாம் மனசுதான்' என்பவர்களுக்கு இந்த மூன்றாம் பிரிவை அறிமுகப்படுத்த வேண்டும்.

தேடல் மறுபடி உடலின் ஓரங்களுக்குத் திரும்பியிருப்பது அண்மைத் திருப்பம். பாஸ்டன் ஆய்வாளர்கள் 2013இல் இருபத்தேழு நோயாளிகளின் தோல் துணுக்குகளைப் பார்த்தபோது நூற்றுக்கு நாற்பத்தொருவரிடம் நுண்நரம்பிழைகள் சிதைந்திருந்தன. நலமுள்ளோரிடம் அது நூற்றுக்கு மூன்றே. 2021இல் லண்டன், லிவர்பூல், ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்களைப் பிரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகள் அழுத்தத்தையும் குளிரையும் பொறுக்கவில்லை, பிடி தளர்ந்தது, நடமாட்டம் குறைந்தது. நலமுள்ளோரின் எதிர்ப்பொருள்கள் எதையும் செய்யவில்லை. சில வாரங்களில் எதிர்ப்பொருள்கள் நீங்கியதும் எலிகள் தேறின. எலிக்கு மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொல்வோர் இல்லை. ஆனால் எல்லா நோயாளிகளிலும் இதுவே காரணம் என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஒரே பெயரின் கீழ் பல நோய்கள் குடியிருக்கின்றனவோ என்ற ஐயம் வலுக்கிறது.

இந்நோயின் விழிப்புணர்வு நாள் மே 12, ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள். கிரிமியாவிலிருந்து திரும்பியபின் அவர் பல்லாண்டு படுக்கையில் கிடந்ததே காரணம். 2000இல் வெளியான ஒரு கட்டுரை, பேருந்து விபத்தில் நொறுங்கிய ஃப்ரீடா காலோவுக்கும் இந்நோயே இருந்தது என்று வாதிட்டது. இறந்தோரின் நாடியைப் பிடிக்கும் இவ்வழக்கம் நமக்கு உவப்பாயில்லை. நைட்டிங்கேலுக்கு வந்தது கால்நடைகளிடமிருந்து தொற்றும் புருசெல்லோசிஸ் என்று வாதிடுவோரும் உளர். ஆயினும் நோயாளிகள் ஏன் இப்பெயர்களைப் பற்றிக்கொள்கிறார்கள் என்பது புரிகிறது. யாராலும் பொய்யர் என்று சொல்ல முடியாத ஒருவர் துணைக்கு வேண்டியிருக்கிறது.

2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள உலக நலவாழ்வு அமைப்பின் பதினோராவது நோய்ப்பட்டியலில், இந்நோய் 'நாட்பட்ட பரவிய வலி' என்ற தலைப்பின் கீழ்ச் சேர்ந்துவிட்டது. அதற்கும் மேல் உள்ள தலைப்பு 'நாட்பட்ட முதன்மை வலி'. வேறொன்றின் அறிகுறியாக அல்லாமல் வலியே நோயாக எண்ணப்படும் வகை அது. செய்தியைச் சொன்னபோது, பணி ஓய்வு பெற்றுவிட்ட எங்கள் பேராசிரியை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அத்தலைப்பை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அப்ப நான் முதல்ல கொடுத்த சர்டிஃபிகேட்லயும் இதுதானே இருந்தது?" என்றார். கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தோம். இருந்தது.